பாஸ் ஆம்ப் வாங்குறீங்களா? வாட்டை அப்புறம் பாருங்க, எடையை முதல்ல பாருங்க!



ஆர்டி பத்தின வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஐடி வேலை, மாசம் 45,000 சம்பளம். வார இறுதியில ஒரு பேண்ட்ல பாஸ் கிட்டார் வாசிக்கிறார். டிரம்ஸ் சத்தத்துல அவர் வாசிக்கிறது அவருக்கே கேக்கல. 1 லட்சம் ரூபாய்க்கு 800 வாட் ஆம்ப் ஒண்ணு பார்த்து வச்சிருக்கார். இஎம்ஐல போடலாமான்னு கேட்டார்.

இது சம்பந்தமில்லாத கேள்வியே இல்ல. ஒரு பொருளோட விலை பில்லோட முடியுமா, இல்ல அதுக்கப்புறமும் ஓடிக்கிட்டே இருக்குமாங்கிற கேள்விதான் இது. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: மாசம் ஒரு ப்ரோகிராமாவது வாசிக்கிறவருக்கு எடை குறைஞ்ச ஆம்ப் ஆடம்பரம் இல்ல, அதுதான் சிக்கனம். ஆனா அதுல 800 வாட் தேவையில்ல.

நான் கட்டின ஃபீஸ்

இதை நான் அனுபவத்துல சொல்றேன். முதல் வேலையில சேர்ந்த புதுசுல, பழைய பெரிய காம்போ ஆம்ப் ஒண்ணு 30,000 ரூபாய்க்குக் கிடைச்சுது. புதுசு விலையில பாதிகூட இல்ல, செம டீல்னு நினைச்சேன். வீட்டு எடை மெஷின்ல வச்சா 38 கிலோ. நான் இருந்தது லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி.

பைக்ல போக வேண்டிய இடத்துக்கெல்லாம் கேப். ஆட்டோல ஏத்தினா கூட ஆள் உட்கார இடம் இருக்காது. ரெண்டாவது வருஷம் டிசம்பர்ல, கேரல் ப்ரோகிராம் முடிஞ்சு ராத்திரி கார் டிக்கியில இருந்து தூக்கும்போது முதுகுல ஒரு பிடி. ரெண்டு வாரம் உட்காரவே முடியல. பிசியோவுக்குச் செலவு, ஆபீஸ்ல லீவு, புத்தாண்டு ராத்திரி வாசிக்க வேண்டிய ப்ரோகிராம் வேற ஒருத்தருக்குப் போச்சு. கடைசியில அந்த ஆம்பை 14,000 ரூபாய்க்கு வித்தேன். அதைவிட மோசம் என்னன்னா, அதுக்கப்புறம் எட்டு மாசம் நான் பாஸையே தொடல.

எடை எங்கிருந்து வந்தது, எங்கே போச்சு?

1969-ல வந்த ஆம்பெக் எஸ்விடி-யைத்தான் பெரிய மேடை பாஸ் ஆம்புக்கு இன்னைக்கும் உதாரணமா சொல்லுவாங்க. 300 வாட், வால்வு ஆம்ப். ஹெட் மட்டுமே 35 கிலோவுக்கு மேல. அதோட சேர்ற எட்டு ஸ்பீக்கர் பெட்டி 60 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்க ஆள் வச்சிருந்தவங்களுக்காக வந்த பொருள் அது. நம்மகிட்ட இருக்கிறது பைக்கும் ஒரு முதுகும்தான்.

இப்போ ரெண்டு விஷயம் மாறியிருக்கு. ஒண்ணு, கிளாஸ் டி ஆம்ப். இது மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்குறது ரொம்பக் குறைவு, அதனால பெரிய அலுமினியத் தகடு வேண்டாம். இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலா லேப்டாப் சார்ஜர்ல இருக்கிற மாதிரி எஸ்எம்பிஎஸ். வீட்ல பழைய எலிமினேட்டரையும் இன்னைக்கு ஃபோன் சார்ஜரையும் கையில எடுத்துப் பாருங்க, வித்தியாசம் புரிஞ்சிடும். ரெண்டாவது, ஸ்பீக்கர்ல சாதாரண ஃபெர்ரைட் காந்தத்துக்குப் பதிலா நியோடிமியம் காந்தம். அதே வேலையை ரொம்பக் குறைஞ்ச எடையில செய்யும்.

மார்க்பாஸ் லிட்டில் மார்க் 3 ஹெட் 500 வாட், எடை 3 கிலோகூட இல்ல. ஆபீஸ் பைல லேப்டாப் பக்கத்துல வச்சுக்கலாம். ஹெட்டும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில வேணும்னா ஃபெண்டர் ரம்பிள் 500 மாதிரி காம்போ இருக்கு. ரெண்டு 10 இன்ச் ஸ்பீக்கர், எடை சுமார் 16.5 கிலோ.

வாட் கணக்குல ஏமாறாதீங்க

கடைக்காரர் முதல்ல சொல்றது வாட். வாட் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்கு ஆகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி தெரியணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதாவது 10 மடங்கு வாட். அப்போ 500-லிருந்து 800 வாட்டுக்குப் போனா என்ன கிடைக்கும்? வெறும் 2 டெசிபல். அந்த 2 டெசிபலுக்கு 20,000, 30,000 கூடக் கொடுக்கணுமா?

சத்தம் உண்மையில கூடுறது ஸ்பீக்கர்ல. 8 ஓம் பெட்டி ஒண்ணோட ஆரம்பிங்க. பத்தலைன்னா பிறகு அதே மாதிரி இன்னொண்ணு சேருங்க. ரெண்டு 8 ஓம் சேர்ந்தா 4 ஓம். ஹெட்டும் தன் முழு வாட்டைத் தரும், காற்றைத் தள்ளுற ஸ்பீக்கர் பரப்பும் ரெண்டு மடங்காகும். மொத்தமா 5 டெசிபல் பக்கம் கிடைக்கும். இது எஸ்ஐபி மாதிரி, மொத்தமா இல்லாம படிப்படியா போடுற முதலீடு. ஒரே கண்டிஷன், ஹெட் 4 ஓம் தாங்கும்னு அதோட பின்பக்கம் எழுதியிருக்கணும்.

இன்னொண்ணு. பெரிய மண்டபத்துல கடைசி வரிசை வரைக்கும் சத்தம் கொண்டுபோறது உங்க ஆம்போட வேலை இல்ல. ஆம்ப்ல டிஐ அவுட் இருந்தா, அங்கிருந்து ஒரு கேபிள் சவுண்ட் சர்வீஸ்காரரோட மிக்ஸருக்குப் போயிடும். ஆடியன்ஸை அவர் பார்த்துக்குவார். உங்க ஆம்ப் மேடையில உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டா போதும். பிஏ-ல பாஸ் போகாத சின்ன இடத்துலதான் ஆம்ப் தனியா சமாளிக்கணும். அதுக்கும் 300 முதல் 500 வாட், ரெண்டு 10 இன்ச் அளவு பெரும்பாலும் போதும்.

இப்போ நம்ம கணக்கு

3 வருஷம்னு வச்சுக்குவோம். எண்கள் எல்லாம் உதாரணம், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

- லைட்வெயிட் செட்: வாங்குற விலை 65,000, பிறகு விக்கிற விலை 30,000. உண்மையான செலவு 35,000.
- பழைய கனமான செட்: வாங்குறது 35,000, விக்கிறது 20,000. செலவு 15,000. ஆனா ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் வண்டிச் செலவு 500 கூட.
- வாடகை: ஒரு தடவைக்கு 1,500.

மாசம் 2 ப்ரோகிராம்னா 3 வருஷத்துல 72. லைட்வெயிட் செட்டுக்கு ஒரு தடவைக்கு 486 ரூபாய். கனமான செட்டுக்கு 208-ஓட வண்டிச் செலவு 500 சேர்ந்து 708 ரூபாய். ‘சீப்’னு வாங்கினதுதான் காஸ்ட்லி! அதுல முதுகு வலியை நான் சேர்க்கவே இல்ல.

ஆனா வருஷத்துக்கு 4 தடவைதான் வாசிக்கிறீங்கன்னா? லைட்வெயிட் செட்டுக்கு ஒரு தடவைக்கு 2,900 ரூபாய் பக்கம் வரும். வாங்கவே வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. இந்தக் கணக்குல எல்லை, வருஷத்துக்கு சுமார் 8 ப்ரோகிராம்.

இஎம்ஐ போடலாமா?

60,000 ரூபாயை 15% வட்டியில 12 மாசம் கட்டினா மாசம் சுமார் 5,416. மொத்தம் 65,000 பக்கம். அதையே மாசம் 5,000 ஆர்டி-ல போட்டா, 6.5% வட்டின்னு வச்சா வருஷக் கடைசியில சுமார் 62,100 கையில இருக்கும். வித்தியாசம் 7,000 ரூபாய்.

அதுக்காக எல்லாரும் காத்திருங்கன்னு சொல்ல மாட்டேன். மாசம் 2 தடவை வாசிக்கிறவர் ஒரு வருஷம் வாடகையா 36,000 கட்டிக்கிட்டே 7,000 மிச்சம் பிடிக்கிறதுல அர்த்தம் இல்ல. என் ரூல் இதுதான்: கடந்த 6 மாசம் ப்ரோகிராம்ல வந்த பணம் மட்டுமே இஎம்ஐயைத் தாங்கும்னா போடுங்க. சம்பளத்துல இருந்துதான் கட்டணும்னா சேர்த்து வச்சு வாங்குங்க. எஸ்ஐபி-யை நிறுத்தியோ, எமர்ஜென்சி ஃபண்டை உடைச்சோ வாங்காதீங்க. கிரெடிட் கார்டுல பாக்கி வச்சு இழுக்கவே கூடாது, மாசம் 3%-க்கு மேல வட்டி ஓடும்.

வாங்குறதுக்கு முன்னாடி

லைட்வெயிட்லயும் குறை உண்டு. பழைய ஆம்ப் ரிப்பேர்னா ரிச்சி தெருவுல பார்ட்ஸ் தேடி சரி பண்ணிடலாம். கிளாஸ் டி-ல பல நேரம் போர்டையே மாத்தணும். அதனால இந்தியா வாரண்டி, சர்வீஸ் சென்டர் எந்த ஊர்ல இருக்குன்னு முதல்ல கேளுங்க. அமெரிக்காவுல இருக்கிற கசின் வாங்கிட்டு வர்றார்னா, அது 230 வோல்ட்ல ஓடுமான்னு பார்க்காம ப்ளக்ல சொருகாதீங்க.

கடையில தனியா வாசிச்சுப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. முடிஞ்சா அதே மாடலை ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, டிரம்மரோட வாசிச்சுப் பாருங்க. அப்புறம் அதை நீங்களே தூக்கிக்கிட்டு வீட்டுப் படி ஏறுங்க.

கடைசியா, பட்ஜெட்ல காதடைப்பானுக்கு ஒரு 2,000 ஒதுக்குங்க. 100 டெசிபல் சத்தத்துல பாதுகாப்பில்லாம ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் இருக்கலாம்னு அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு பரிந்துரைக்குது. நம்ம ப்ரோகிராம் மூணு மணி நேரம் போகும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: அந்த 800 வாட்டை விட்டுடுங்க. 3 கிலோ ஹெட் ஒண்ணு, 8 ஓம் பெட்டி ஒண்ணு. மிச்சப் பணத்தை ரெண்டாவது பெட்டிக்குன்னு தனியா போட்டு வைங்க. ஒரு வருஷம் வாசிச்ச பிறகும் அது தேவைப்படலைன்னா, அந்தப் பணம் உங்களுது. நீங்க இப்போ எத்தனை கிலோ தூக்கிக்கிட்டு அலையுறீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க!