மார்க் போடும் கை யாருடைய கை?

நகரத்துக் குப்பையைக் கொட்ட இடம் தேடும் வேலையில் இன்று கம்ப்யூட்டரும் செயற்கைக்கோள் படமும் புகுந்திருக்கின்றன. எதிர்த்துக் கேட்கும் கிராமத்து மக்களின் முன்னால் வண்ணப் படம் ஒன்றை விரித்து, “இடத்தைப் பொறுக்கியது நாங்களல்ல, விஞ்ஞானம்!” என்று சொல்லிவிட்டால் வாயடைத்துப் போவார்கள் என்பது அதிகார வர்க்கத்தின் கணக்கு. இந்தப் பம்மாத்தை நாம் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

முறை என்னவோ எளியதுதான். ஆறு, ஏரி, கிணறு, குடியிருப்பு, சாலை, மண்ணின் தன்மை, நிலத்தடி நீரின் ஆழம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் தயாரித்து, கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஆகவே ஆகாத இடங்களை முதலில் கழித்துவிடுகிறார்கள். ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்றன 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள். சதுப்பு நிலமும் வெள்ளப் படுகையும் கூடாது என்றன. கழித்தது போக மிஞ்சிய இடங்களுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள்.

இதுவரை நமக்குச் சண்டையில்லை. வரைபடத்தைக் கிழிப்பது தொழிலாளி வர்க்கத்தின் வேலையல்ல. சொல்லப்போனால், இப்படியொரு படத்தை அன்றே விரித்திருந்தால் பெருங்குடிக் குப்பைமேடு பிறந்தே இருக்காது. தென்சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பின்மீதல்லவா பல பத்தாண்டுகள் லாரி லாரியாகக் கொட்டினார்கள்! அதே சதுப்பு 2022-ல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. வடசென்னையில் கொடுங்கையூர்; உழைப்பாளி மக்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி. கொழும்பு நகரின் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, குப்பை மலை சரிந்து ஏழைகளின் வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டார்கள். படமில்லாமல் கொட்டிய லட்சணம் இது.

நமது சண்டை மார்க்கைப் பற்றியது. நிலத்தடி நீருக்கு எத்தனை, நில விலைக்கு எத்தனை, லாரி வாடகைக்கு எத்தனை? அமெரிக்காவில் தாமஸ் சாட்டி என்பவர் 1970-களில் வகுத்த முறையைப் பலரும் கையாளுகிறார்கள். இரண்டிரண்டு அம்சங்களாக எடுத்து, எது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை எண் கொடுக்கச் சொல்வது அந்த முறை. கொடுப்பது யார்? “நிபுணர்கள்!” கம்ப்யூட்டர் பெருக்கிக் கூட்டுவதோடு சரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேட்டு நிலம் ஒன்று: நீர்ப் பாதுகாப்பில் 9 மார்க், செலவுச் சிக்கனத்தில் 3. கிணற்றுப் பாசனத்தை ஒட்டிய நிலம் இன்னொன்று: நீரில் 3, சிக்கனத்தில் 9. நீருக்கு நூற்றுக்கு 60 பங்கும் செலவுக்கு 40 பங்கும் வைத்தால், மேட்டு நிலத்துக்கு 6.6, கிணற்றடி நிலத்துக்கு 5.4. பங்கை மாற்றி நீருக்கு 40, செலவுக்கு 60 என்று வைத்துப் பாருங்கள். மார்க் அப்படியே தலைகீழாகிறது. குப்பை கிணற்றடிக்கு வந்து சேருகிறது! நிலம் மாறவில்லை, நீர் மாறவில்லை, பேனா பிடித்த கை மாற்றியது.

நில விலை குறைவு என்றால் அதிக மார்க். விலை குறைந்த நிலத்தின் பக்கத்தில் குடியிருப்பவர் யார்? மில் முதலாளியா, பண்ணையாரா? இன்னொரு சூதும் உண்டு. படத்தில் “தரிசு” என்று நிறம் பூசப்படும் இடம், விவசாயத் தொழிலாளியின் ஆடு மேயும் புறம்போக்கு. விறகும் அங்கேதான், சுடுகாடும் அங்கேதான். அவனிடம் பட்டா இல்லை. ஆகவே படத்தில் அவனே இல்லை.

இது நமது கற்பனையென்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 1984-ல் கலிபோர்னியா மாநிலக் கழிவு வாரியத்துக்கு ஆலோசனைக் கம்பெனி ஒன்று அறிக்கை கொடுத்தது. குப்பை எரிக்கும் ஆலைகளை எங்கே வைத்தால் எதிர்ப்புக் குறையும்? வருமானமும் படிப்பும் குறைந்தவர்கள் வாழும் இடத்தில் என்று பச்சையாகவே எழுதினார்கள்! அதற்கு ஈராண்டு முன்பு, 1982-ல், வட கரோலினாவின் வாரன் வட்டாரத்தில் நச்சு மண்ணைப் புதைக்கக் கறுப்பு மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஏழைப் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் லாரிகளின் முன்னால் சாலையில் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள்.

“எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்?” என்று நியாயம் பேசுவோர் உண்டு. ஆம், எங்காவது புதைக்கத்தான் வேண்டும். ஆனால் எதை? மட்குவதை உரமாக்கி, உதவுவதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை மட்டுமே புதைக்கலாம் என்பதுதான் 2016 விதிகளின் நோக்கமும். அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டுவது எடை போட்டுக் காசு வாங்கும் கான்ட்ராக்டருக்கு லாபம். பிரித்தெடுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கோ கையுறைக்கும் வழியில்லை.

ஆகவே கிராம சபைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் நாம் கேட்க வேண்டியது இது: எந்த அம்சத்துக்கு எத்தனை மார்க், அதைப் போட்டவர் யார் என்பதைத் தமிழில் அச்சிட்டு, இடத்தை முடிவு செய்யுமுன் ஊரில் ஒட்ட வேண்டும். பங்கை மாற்றினால் இடம் மாறுகிறதா என்று எல்லார் முன்னிலையிலும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். மேய்ச்சல் நிலம், சுடுகாடு, பட்டா இல்லாத குடிசை ஆகியவை படத்தில் ஏற வேண்டும். மார்க் போடும் மேஜையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக்கும் நாற்காலி வேண்டும். அதுவரை எந்த ஊரிலும் முதல் லாரி இறங்கக் கூடாது!