பொதுச் சுகாதாரப் படிப்பும் உத்தியோகமும்

சர்வகலாசாலைகள் மாணவர்களைச் சேர்க்கும் காலம் வரும்போதெல்லாம் பொதுச் சுகாதாரப் படிப்பைப் பற்றிய விளம்பரங்களும் கூடவே வருகின்றன. 'எம்.பி.எச்.' என்னும் இப்பட்டத்துக்குரிய வகுப்பைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் நிலையம் 1997-ஆம் வருஷத்தில் தொடங்கியபோது, நமது தேசத்தில் அதன் பெயரைக் கேட்டிருந்தவர்கள் சொற்பம். 2020-ஆம் வருஷத்துக் கொரோனாக் கொள்ளைநோய்க்குப் பிறகோ, படித்த குடும்பங்களில் அதை அறியாதார் சிலரே. வாலிபர்கள் இத்துறையை நாடுவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் படித்து வெளிவருகிறவர்களைக் கொண்டு தேசம் என்ன செய்யப் போகிறது என்னும் கேள்வியை விளம்பரம் செய்வோர் கேட்பதில்லை. பெரும்பாலான சர்க்கார்களும் கேட்டதாகத் தெரியவில்லை.

இது வைத்தியப் படிப்பன்று. வைத்தியர் தம் முன் வந்த நோயாளியைப் பார்க்கிறார். பொதுச் சுகாதாரம் கற்றவர் ஊரைப் பார்க்கிறார். ஒரு தெருவில் பத்துப் பேருக்கு வாந்திபேதி கண்டால், அவர்கள் எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்தார்கள், முதல் நோயாளி எந்தத் தேதியில் படுத்தார், அடுத்த தெருவுக்கு நோய் ஏன் வரவில்லை என்று கணக்கெடுத்து, சாக்கடை கலந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. 1854-இல் லண்டன் நகரில் ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் காலராவைத் தொடர்ந்து சென்று பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பைக் காட்டிக் கொடுத்தது இவ்விதந்தான். ஆகையால் நோய் பரவும் முறை, புள்ளிவிவரக் கணக்கு, தண்ணீர் சாக்கடை விஷயங்கள், நிர்வாகம் முதலியவை இரண்டு வருஷத்தில் கற்பிக்கப்படுகின்றன. வைத்தியர்கள் மாத்திரமன்றி நர்ஸுகளும், கணிதமும் சமூக சாஸ்திரமும் படித்தவர்களும் பல இடங்களில் சேர்த்துக் கொள்ளப்படுகிறார்கள். இவர்கள் வேலை செவ்வையாக நடந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வராத காலராவுக்காக யாரும் யாருக்கும் மாலை போடுவதில்லை. இத்துறை அலட்சியம் செய்யப்படுவதற்கு அதுவே பெரிய காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

அன்னிய ஆட்சி இவ்விஷயத்தை எப்படி நினைத்தது என்பதற்கு 1897-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம் சாட்சி. பம்பாய்ப் பிளேக்கின்போது அவசரத்தில் பிறந்த அச்சட்டத்தில் இருந்தவை நான்கே பிரிவுகள். உத்தரவிட அதிகாரம் உண்டு. மீறினவனுக்குத் தண்டனை உண்டு. நல்ல தண்ணீர் கொடுக்கும் கடமை ஒருவருக்கும் இல்லை. 1937-இல் சென்னை மாகாணத்தில் ஸ்ரீ ராஜாஜி அமைத்த காங்கிரஸ் மந்திரிசபையில் சுகாதார இலாகாவை வகித்தவர் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன். அம்மந்திரிசபையின் காலத்தில் 1939-இல் நிறைவேறிய பொதுச் சுகாதாரச் சட்டம் குடிதண்ணீர், சாக்கடை, கொசு ஒழிப்பு, தாய் சேய் நலம், உணவுப் பண்டங்கள், திருவிழாக் கூட்டங்கள் வரையில் எல்லாவற்றையும் தழுவியது. அவற்றைக் கவனிக்கச் சுகாதார அதிகாரி என்ற ஒருவருக்கு அதிகாரமும் தந்தது. அது இன்றும் தமிழ்நாட்டில் அமுலில் இருக்கிறது.

ஸர் ஜோஸப் போர் தலைமையில் 1943-இல் அமைந்து 1946-இல் அறிக்கை தந்த கமிட்டி, நோய் தடுத்தலும் நோய் தீர்த்தலும் ஒன்றாக இயங்க வேண்டும் என்று சிபார்சு செய்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சுதந்திரத்துக்குப் பின் அநேக ராஜ்யங்களில் இரண்டு இலாகாக்களும் ஒன்றாக்கப்பட்டபோது, ஆஸ்பத்திரி பெரிய மரமாகி அதன் நிழலில் சுகாதாரம் வாடிற்று. சத்திர சிகிச்சையில் தலைமுடி நரைத்தவர், சீனியாரிட்டியின் பலத்தால் ஒரு நாள் ஜில்லாவின் சுகாதாரத்துக்குத் தலைவராவார். கொசுவைப் பற்றி அவர் படித்தது கல்லூரி நாளோடு சரி. தமிழ்நாடு அவ்வாறு செய்யவில்லை. இங்கே பொதுச் சுகாதாரத்துக்குத் தனி டைரக்டரும் தனி உத்தியோக வரிசையும் உண்டு. அதில் முன்னேறும் வைத்தியர் பொதுச் சுகாதாரத்திலும் தேர்ச்சி பெற வேண்டும். 2004 டிஸம்பர் கடற்கோளுக்குப் பின் நம் கரையோரத்தில் பெரிய கொள்ளைநோய் எழாமற் போனதற்கு இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

இப்போது பட்டம் பெற்ற வாலிபனின் கதிக்கு வருவோம். 2004-இல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் ஜில்லாதோறும் தொற்றுநோய் நிபுணர் வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. 2005-இல் வந்த கிராமிய சுகாதார இயக்கத்திலும் பல ஸ்தானங்கள் ஏற்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்த உத்தியோகங்கள். நிரந்தரமில்லை, பென்ஷன் இல்லை, மேற்பதவி இல்லை. ஜில்லாவை நன்கு அறிந்துகொள்ளும் சமயத்தில் ஆள் வேறு வேலை தேடிப் போய்விடுகிறான். அவன் சேர்த்த அறிவும் அவனோடு போகிறது. மீதிப் பேருக்கு வழி, அன்னிய நாட்டுப் பணத்தில் நடக்கும் திட்டங்கள். அது எவ்வளவு உறுதியான வழி என்பதை 2025-ஆம் வருஷம் காட்டிவிட்டது. ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலையில் அவ்வுதவியை வழங்கிவந்த ஸ்தாபனமே இயங்காமல் ஓய்ந்தது. வாஷிங்டனில் ஒருவர் இட்ட கையெழுத்துக்குப் பல தேசங்களில் க்ஷயரோக, எச்.ஐ.வி. ஊழியர்கள் வேலை இழந்தார்கள். தன் ஜனங்களின் சுகாதாரத்தைக் கவனிக்கும் ஆட்களுக்கு அயலார் சம்பளம் கொடுக்கட்டும் என்று இருப்பது சுயராஜ்யத்துக்கு அழகாகுமா?

மத்திய சர்க்கார் அறியாததல்ல. பொதுச் சுகாதார நிர்வாகத்துக்குத் தனி உத்தியோக வரிசை ஒவ்வொரு ராஜ்யத்திலும் வேண்டும் என்றும், பல துறைப் படிப்பாளிகளை அதில் சேர்க்க வேண்டும் என்றும் 2017-ஆம் வருஷத்துத் தேசிய சுகாதாரக் கொள்கை சொல்லிற்று. 2022-இல் அதற்கு வழிகாட்டிக் குறிப்பும் வெளியாயிற்று. ஆனால் அரசியல் சட்டப்படி சுகாதாரம் ராஜ்யங்களின் விஷயம்; ஸ்தானத்தை ஸ்தாபித்துச் சம்பளம் ஒதுக்க வேண்டியவர்கள் அவர்களே.

தமிழ்நாட்டின் ஏற்பாட்டிலும் ஒரு குறை இல்லாமலில்லை. சுகாதார அதிகாரியின் நாற்காலிக்கு எம்.பி.பி.எஸ். பட்டந்தான் முதல் வாசல். வியாதியைத் தீர்க்கும் பொறுப்பு வைத்தியருக்கே உரியது, அதில் தர்க்கமில்லை. ஆனால் புள்ளிவிவரத்தை ஆராயவும், தண்ணீரின் போக்கைத் தொடரவும், ஜனங்களிடம் பேசவும் ஸ்டெதாஸ்கோப் எதற்கு? பணமில்லை என்பார்கள். 38 ஜில்லாக்களுக்கும் தலா இரண்டு பேர் என்று தொடங்கினாலும் ஆகக்கூடியவை 76 நிரந்தர ஸ்தானங்கள். அடுத்த பட்ஜெட்டில் அவற்றுக்கு இடமுண்டா என்று சட்டசபையில் ஓர் அங்கத்தினராவது கேட்க வேண்டும்.