வாத்தியார் வீட்டுக் கிணறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்னால் நான் எந்த மதத்தையும் சேர்ந்தவன் இல்லை. இதை எங்கள் பின்வீட்டு வாத்தியாரிடம் சொல்லிப் பார்த்தேன். மனிதர் கணக்கு வாத்தியார், ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு. அவரிடம் எந்த சாக்கும் செல்லுபடி ஆகாது.

"தம்பி, ஜூன் மாசம் சுற்றுச்சூழல் ஞாயிறு. ஆராதனை முடிஞ்சதும் பத்து நிமிஷம் நீங்க பேசறீங்க. பாஸ்டர் ஐயாகிட்ட சொல்லிட்டேன்."

"சார், நான் பி.காம். சுற்றுச்சூழலைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"பத்திரிகையில வாராவாரம் தெரிஞ்சதையா எழுதறீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. ஒப்புக்கொண்டேன்.

உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5. அதை ஒட்டி வரும் ஞாயிறை சி.எஸ்.ஐ. சபைகளில் சுற்றுச்சூழல் ஞாயிறாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இது புதுசு. சர்ச் என்றால் கேக், மணி, கல்யாணத்தில் பிரியாணி என்ற அளவில்தான் என் ஞானம். சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவன், விடியற்காலை மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. (படித்திருந்தால் இந்நேரம் ஆடிட்டர்.)

முதலில் மாட்டியவர் ராட்லர். ஸ்ட்ராஸ்பர்க்கில் 1749ல் பிறந்து, 1776ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய பாதிரியார். தமிழ் அகராதி போட்டவர். கடைசியில் சென்னை வேப்பேரியில் 1836ல் காலமானார். ஞானஸ்நானம் கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இலை, பூ, காய் என்று பறித்துக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் சேர்த்தது இன்றைக்கும் லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தாவர விஞ்ஞானி ராக்ஸ்பர்க், ஒரு மரத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்: ராட்லெரா டிங்க்டோரியா. பிற்பாடு வந்தவர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள், அது வேறு கதை.

அது என்ன மரம் தெரியுமா? நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் கபிலப்பொடி என்று விற்கிறார்களே, அந்தப் பொடி இதன் காயின் மேல் படிந்திருக்கும் சிவப்புத் தூள்தான். செயற்கைச் சாயம் வருவதற்கு முன்னால் இந்தியாவில் பட்டுக்கு ஆரஞ்சு நிறம் ஏற்றியது இந்தத் தூள். பட்டு ஊர்க்காரனுக்கு இதைப் படித்ததும் தூக்கம் வருமா? எனக்கு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு வருகிறேன்.

ராட்லர் விட்ட வேலையைக் கிட்டத்தட்ட நூற்று முப்பது வருஷம் கழித்துப் பிடித்துக்கொண்டவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ஏசு சபைப் பாதிரியார் கே.எம். மாத்யூ. 1967ல் அங்கே ராபினாட் என்ற பெயரில் உலர்தாவர நிலையம் தொடங்கினார். ஆங்கிலத்தில் ஹெர்பேரியம். செடிகளைக் காய வைத்து, ஒட்டி, பெயர் எழுதி அடுக்கி வைக்கும் இடம், அதாவது செடிகளுக்கு ஒரு ரெக்கார்ட் ரூம். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக் காட்டுமேடெல்லாம் அலைந்து, தடிதடியாகத் தாவர நூல்கள் போட்டார். பழனி மலைக்குத் தனியாக 1999ல் ஒன்று. 2004ல் மறைந்தார்.

அவர் 1969லேயே கொடைக்கானலில் வெளியூரிலிருந்து வந்து குடியேறிய செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இது ஏன் முக்கியம் என்றால், நம்மில் பலருக்கும் சுற்றுச்சூழல் என்றால் எதையாவது நடுவது, போட்டோ எடுப்பது. பழனி மலையின் உச்சியில் இயற்கை வைத்திருந்தது புல்வெளியும் நடுநடுவே சோலைக்காடும். புல்தானே, சும்மா கிடக்கிறதே என்று அதில் யூகலிப்டஸ், வாட்டில், பைன் என்று நட்டார்கள். மரம் வளர்ந்தது, ஓடை வற்றியது. பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் புல்தான் என்பது பிறகுதான் உறைத்தது. மரம் நடுவதிலும் பாவம் உண்டு என்று எனக்குப் புரிய வைத்தவர் ஒரு பாதிரியார்தான்.

பாவம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1989ல் கான்ஸ்டான்டிநோபிளின் மரபுவழித் திருச்சபைத் தலைவர் திமித்ரியோஸ், செப்டம்பர் 1ஐ இயற்கைக்காக ஜெபிக்கும் நாள் என்று அறிவித்தார். அவருக்குப் பின் வந்த பர்த்தலேமேயு 1997ல் ஒரு படி மேலே போய், ஆற்றையும் காற்றையும் கெடுப்பது தவறு இல்லை, பாவமே என்று பேசினார். கத்தோலிக்கர்களுக்கு மறைந்த போப் பிரான்சிஸ் 2015ல் 'லௌதாத்தோ சீ' என்ற சுற்றுமடலை எழுதி அதையே விரிவாகச் சொன்னார். இப்போது செப்டம்பர் 1 முதல் அசிசி பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை பல சபைகளும் சேர்ந்து இதற்கென்று ஒரு காலமே அனுசரிக்கின்றன.

மடல் எழுதுவது சுலபம் சார், கடலோரத்தில் நின்றவர்கள் கதையைக் கேளுங்கள். அதே 1989ல் மீனவர்கள் வங்காளப் பக்கமிருந்து ஒரு குழு, பம்பாய்ப் பக்கமிருந்து ஒரு குழுவாகக் கடற்கரை வழியே கிளம்பினார்கள். 'நீரைக் காப்போம், வாழ்வைக் காப்போம்' என்பது கோஷம். மே 1 அன்று கன்னியாகுமரியில் சேர்ந்தார்கள். கூட்டம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. இதை நடத்திய தேசிய மீனவர் அமைப்பின் முக்கியத் தலைவர் தாமஸ் கொச்சேரி, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அப்புறம் 2011ல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்த ஜனங்களை எல்லோருக்கும் தெரியும். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று இங்கே நான் பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை. ஒரு ஊரே கோயில் வாசலில் உட்கார்ந்து கடலைப் பற்றிக் கவலைப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எத்தியோப்பியா. அந்த நாட்டின் வடக்கே காடு என்று மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம். மிஞ்சியதில் பெரும்பங்கு பழைய சர்ச்சுகளைச் சுற்றி வட்டவட்டமாக நிற்கிறது. ஆகாயத்திலிருந்து பார்த்தால் காய்ந்த வயல் நடுவே பச்சைப் பொட்டு. நம் ஊர்க் கோயில் காடு மாதிரியேதான். சர்ச்சுக்கு மரம் ஆடை மாதிரி, அதை உருவக் கூடாது என்பது அந்த ஜனங்களின் நம்பிக்கை. ஆனால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அந்த நம்பிக்கை இல்லையே! கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. அலெமாயேஹு வாசி என்ற அந்த ஊர் விஞ்ஞானியும் மார்கரெட் லோமன் என்ற அமெரிக்க அம்மாவும் வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பாதிரியார்களிடம் காட்டினார்கள். காடு எவ்வளவு சுருங்கிவிட்டது என்று பார்த்ததும் அவர்களுக்கு பகீர் என்றது. ஜனங்கள் தங்கள் வயலில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி வந்து சுற்றிலும் சுவர் வைத்தார்கள். வயலும் சுத்தம், காடும் பத்திரம். ஒரு செலவில் இரண்டு வரவு. இதுதான் எனக்குப் புரிகிற பொருளாதாரம்.

இவ்வளவையும் தாளில் குறித்துக்கொண்டு ஞாயிறு காலை போனேன். கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய வேப்பமரம். போன வருஷம் கார் நிறுத்த இடமில்லை என்று இதை வெட்டலாமா என பாஸ்டரேட் கமிட்டியில் பேச்சு வந்ததாம். பெரும்பாலோர் தலையாட்டும்போது ஒரு பாட்டியம்மா எழுந்து, "என் கல்யாணத்துக்குப் பந்தல் இந்த மரந்தான். வெட்டறதுன்னா என்னை அடக்கம் பண்ணிட்டு வெட்டுங்க" என்றாராம். பாட்டியம்மா இன்னும் திடமாக இருக்கிறார். மரமும் இருக்கிறது. கார்கள் வந்தவாசி ரோட்டில் நிற்கின்றன.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. கேட்டுக்கு வெளியே பத்தடி ஃபிளெக்ஸ் பேனர். அதில் பச்சை பூமியை இரண்டு கைகள் தாங்கிக்கொண்டிருந்தன. ஃபிளெக்ஸே பிளாஸ்டிக்தானே என்று கேட்டேன். இளைஞர் அணித் தம்பி அசடு வழிந்தார். ஆனால் டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. கழுவி வைக்க ஒரு குழுவே போட்டிருந்தார்கள். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய் ஏலம் விடுவார்களே, அதே மாதிரி அன்றைக்குக் கன்றுகள் ஏலம். எல்லாம் நாட்டு மரங்கள். ஒரு புங்கன் கன்றை நூற்றுப் பத்து ரூபாய்க்கு எடுத்தேன். நர்சரியில் எவ்வளவு என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. ராட்லருக்குக் கைதட்டல். எத்தியோப்பிய ஆட்டுக்குச் சிரிப்பு. பிறகு நம்ம பாலாற்றுக்கு வந்தேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றில் கலந்தது பற்றி வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில், சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்ட் 28 அன்று, கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதை ஆவேசமாக எடுத்துவிட்டேன்.

"கெடுத்தவன் கொடுக்கணும்! இது சட்டம்!" என்று முடித்தேன்.

முதல் வரிசையிலிருந்து பாட்டியம்மா கேட்டார்: "ஏம்பா, நீ சாயப்பட்டறை வெச்சிருந்தாரே, அவர் பையன்தானே?"

இப்போது அந்த இன்னொரு காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் அப்பாவின் பட்டறை. பச்சைப் பட்டு வந்ததும் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையை எடுப்பார்கள். எடையில் கால் பங்கு அப்படியே தண்ணீரோடு போகும். அப்புறம் சாயம், அமிலம், அலசல். எல்லாத் தண்ணீரும் கொல்லைக் குழிக்கு. குழிக்கு அந்தப் பக்கம் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் வாத்தியார் வீட்டுக் கிணறு. நான் ஐந்தாவது படிக்கும்போது அந்தக் கிணற்றில் தண்ணீர் லேசான ரோஸ் கலரில் வந்தது. நானும் தெருப் பையன்களும் எட்டிப் பார்த்துக் கைதட்டியிருக்கிறோம். அதன் பிறகு வாத்தியாரம்மா இரண்டு குடத்தோடு தெருக்கோடி பம்பு வரை நடந்தார். வருஷக்கணக்காக நடந்தார். இந்த ஊர்ப் பக்கத்தில்தான், ராமானுஜர் பெருமாளுக்குத் தண்ணீர் சுமந்தார் என்று சொல்லும் சாலைக் கிணறும் இருக்கிறது. அவருடையது கைங்கரியம். வாத்தியாரம்மா சுமந்தது எங்களால்.

வாத்தியார் ஒரு நாள்கூட வீட்டு வாசலில் வந்து சண்டை போட்டதில்லை. எனக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார், காசு வாங்காமல். அப்பா பட்டறையை மூடியது 2004ல். அதுவும் ஆர்டர் குறைந்ததால்தான், கிணற்றுக்காக இல்லை. இன்றைக்கு அப்பாவும் இல்லை, வாத்தியாரம்மாவும் இல்லை. கிணற்றில் கலர் போய்விட்டது. தண்ணீர் மட்டும் இன்னும் உப்புக் கரிக்கும்.

"ஆமாம் பாட்டி, அவர் பையன்தான்" என்றேன். மைக் வேறு கையில் இருந்தது. "சார் வீட்டுக் கிணத்தைக் கெடுத்தது எங்க பட்டறைதான்."

ஹாலில் சத்தமே இல்லை. ஃபேன் சுற்றும் சத்தம்தான். நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் ஐயா நல்லவர், சட்டென்று பாட்டு ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் வாத்தியாரிடம் போனேன். "சார், அப்ப ஏன் நீங்க ஒண்ணுமே கேக்கலை?"

"கேட்டேன் தம்பி. உங்கப்பாகிட்ட ஒரே ஒரு தடவை கேட்டேன். பட்டறைய மூடினா பையன் ஃபீஸ் எப்படிக் கட்டறதுன்னார். எனக்குப் பதில் தெரியலை."

கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாத்தியார் குரல் வந்தது. "மாடித் தண்ணியைக் கிணத்துல விடணும்னு ரொம்ப நாளா நினைப்பு. 2003ல கவர்மென்ட்டு மழைநீர்த் தொட்டி கட்டாயம்னு சொன்னப்ப பேருக்கு ஒரு பைப் வெச்சேன், அதுவும் உடைஞ்சு போச்சு. சரியா ஒரு வடிகட்டுத் தொட்டி கட்டினா நாலு மழைக்காலத்துல உப்பு குறையும். ஜல்லி, மணல், அடுப்புக்கரி, பைப். நான் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்."

மறுநாள் காலை மதில் மேல் ஒரு தாள் இருந்தது, மேலே செங்கல் வைத்து. கட்டம் போட்ட நோட்டுத் தாள். அயிட்டம், அளவு, விலை, கூட்டல். கூலியில் பாதி அவருடையது, பாதி என்னுடையது என்று பிரித்திருந்தார். நான் அந்தப் பாதியை அடித்துவிட்டு முழுசும் என் பக்கம் எழுதி, திரும்ப மதில் மேல் வைத்தேன்.

சாயங்காலம் தாள் திரும்பி வந்தது. என் கூட்டலில் நாற்பது ரூபாய் தப்பு என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார்.