சுண்ணாம்பைவிட எண்ணெயைக் கவனியுங்கள்

1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகே இலங்கையின் மலையகம் தேயிலைக்கு மாறியது. இன்று அங்கே கோப்பி மெஷின் வாங்கும் வீடுகளுக்கு, சுண்ணாம்புப் படிவை நீக்குவதுதான் பெரிய வேலை என்ற அறிவுரையே முதலில் கிடைக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் ஊறும் கிணற்று நீரைக் குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கு அது சரி. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஓடைநீர் பொதுவாக மென்மையானது. கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். இங்கே கெடுதல் எண்ணெயாலும் ஈரத்தாலும் வருகிறது. வறுத்த கோப்பியின் எண்ணெய் வடிகட்டியின் நுண்துளைகளில் பழுப்பாக ஒட்டி, சிக்கு வாடை பிடித்து, எவ்வளவு நல்ல தூளையும் கெடுத்துவிடும். மூடியே கிடக்கும் தொட்டியிலும் சொட்டுத் தட்டிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

சுடுநீர் ஓடுகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். எண்ணெய்ப் பசை வெறும் சுடுநீருக்கு முழுதாக இளகாது; தொட்டியில் நிற்பதோ பச்சைத் தண்ணீர். வினாகிரியும் சுண்ணாம்பைத்தான் கரைக்கும், எண்ணெயை அல்ல. அடிக்கடி ஊற்றினால் ரப்பர் வளையங்களும் கெடலாம். நேரமில்லை என்ற மறுப்பு மட்டும் நியாயமானது. அப்படியானால் சுண்ணாம்பு நீக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். வடிகட்டியைக் குடித்த கையோடு கழுவி, வாரமொருமுறை சோப்புநீரில் ஊறவைத்துத் தேயுங்கள். மழைக்காலத்தில் இராத்திரி தொட்டியைக் காலிசெய்து, மூடியைத் திறந்தே வையுங்கள்.