மாற்றும் உரிமையும் திறக்கும் உரிமையும்

"கிபிர்" என்னும் சொல் எந்த அகராதியின் வழியாகவும் தமிழுக்கு வந்ததன்று. 1996 ஆம் ஆண்டில் இலங்கை விமானப்படை இஸ்ரேலிடமிருந்து பெற்ற போர் விமானத்தின் பெயர் அது. எபிரேய மொழியில் இளஞ்சிங்கம் எனப் பொருள்படும். வன்னி மக்களின் வாயில் அச்சொல் விரைவில் பொதுப்பெயராயிற்று. வானில் வந்தது வேறு வகை விமானமாயினும் "கிபிர் வருகுது" என்று கூறியே பதுங்குகுழிக்கு ஓடினர். ஒரு பொறியை அதன் ஓசையாலும் அது விளைத்த அழிவாலும் மட்டுமே அறிந்த சமூகம் நாம். அப்பொறியின் மூக்கினுள் இருப்பது யாது, அதை ஆக்கியவர் யார், பழுதுற்றால் திருத்துபவர் யார், அதற்குப் பணம் செலுத்துபவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை. இவை பொறியியலாளருக்கும் படைத்தளபதிகளுக்கும் உரிய வினாக்கள், கலைப்பீட மாணவனுக்கு இங்கு என்ன அலுவல் என்று கேட்போர் உளர். அவர்களோடு வழக்காடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்குக்குரிய நிகழ்ச்சி தொலைவில் இல்லை. 2021 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலங்கையின் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிப்பதற்கு ஏறத்தாழ 50 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தம் செய்யப்பட்டதாக இஸ்ரேலிய விமானக் கைத்தொழில் நிறுவனம் அறிவித்தது. விமானத்தின் உடல் பழையதே. மாறுபவை அதன் கண்ணும் செவியும் மூளையும். பழைய இலத்திரனியற் கருவிகளை அகற்றி, நவீன றேடார், உணரிகள், தொடர்பாடற் கருவிகள், விமானிக்குரிய புதிய தலைக்கவசம் ஆகியவற்றைப் பொருத்துவதே அவ்வொப்பந்தத்தின் உள்ளடக்கம். பத்து மாதங்கள் கழித்து, 2022 ஏப்பிரல் 12 ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென அதே அரசு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மக்கள் ஐந்து விமானங்களின் றேடாரைப் பற்றிச் சிந்திக்கவில்லையெனில் அவர்களைக் குறைகூற முடியாது. பல்கலைக்கழகத்தில் இருக்கும் நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். றேடார் வானொலி அலைத் துடிப்பை அனுப்பி, அது பொருளொன்றிற் பட்டு மீளும் எதிரொலியைச் செவிமடுக்கிறது. 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பொருளின் எதிரொலி ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மீண்டுவிடும். தாழப் பறக்கும் விமானத்தை மேலிருந்து தேடும்போது, நிலத்திலிருந்து மீளும் பேரெதிரொலியில் அவ்விமானத்தின் சிற்றொலி மூழ்கிவிடுகிறது. அசையும் பொருளின் எதிரொலியில் அலைவெண் சற்றே மாறும் என்னும் டொப்ளர் விதியைக் கொண்டு, நிலத்தினின்று இலக்கைப் பிரித்தெடுப்பது கணினியின் வேலை. ஆகவே நவீன றேடாரின் ஆற்றல், அன்ரனாவைப் போலவே, கணினியில் எழுதப்பட்ட கட்டளைகளிலும் தங்கியுள்ளது.

இக்கருவித் தொகுதி இன்று தனித்தனிப் பெட்டிகளாக அமைக்கப்படுகிறது. 1979 இல் அமெரிக்க விமானப்படையிற் சேர்ந்த எப்–16 விமானத்தின் றேடார் ஆறு பெட்டிகளாலானது: அன்ரனா, அலைபரப்பி, குறைவலு வானொலி அலகு, சமிக்ஞைக் கணினி, றேடார்க் கணினி, கட்டுப்பாட்டுப் பலகை. பழுது எந்தப் பெட்டியில் உள்ளது என்பதை றேடாரே தன்னைச் சோதித்து அறிவிக்கும். விமானம் நிற்குமிடத்திலேயே அப்பெட்டியைக் கழற்றி, நல்ல பெட்டியொன்றை மாட்டிவிடலாம். இவ்வாறு மாற்றத்தக்க பெட்டியை மாற்றீட்டு அலகு என்போம். கழற்றிய அலகு பணிமனைக்குச் செல்லும். அங்கு அதனுள்ளிருக்கும் சுற்றுப்பலகை மாற்றப்படும். அதற்கும் அப்பாற்பட்ட பழுதாயின் அது செய்தவரிடமே மீளும்.

இம்முறையின் நன்மையை மறுப்பது நேர்மையன்று. விமானம் விரைவில் மீண்டும் பறக்கிறது. முழு றேடாரையும் கழற்றவேண்டியதில்லை. கருவிகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கலாம். "வறிய நாட்டுக்கு இதனினும் உகந்த ஏற்பாடு உண்டோ?" என்று ஒப்பந்தத்தின் ஆதரவாளர் வினவலாம். இவ்வினாவில் ஒரு மயக்கம் உண்டு. மாற்றத் தெரிவதும் திருத்தத் தெரிவதும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் அது.

காலி வீதியோரத்திலோ கொட்டாஞ்சேனைச் சந்துகளிலோ முன்னொரு காலத்தில் வானொலிப் பெட்டி திருத்துபவர் இருந்தார். அவர் பெட்டியைத் திறந்து, கருகிய தடையைக் கண்டுபிடித்து, ஈயம் உருக்கி வேறொன்றை ஒட்டினார். சுற்று எவ்வாறு இயங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததைப் பக்கத்திலிருந்த பையனுக்குக் கற்பித்தார். இன்று அதே வீதிகளில் கைத்தொலைபேசியையோ தொலைக்காட்சியையோ கொண்டுசென்றால் "போர்ட் மாத்த வேணும்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. போர்ட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும்; வராவிடின் பொருளை எறியவேண்டும். இது திருத்துபவரின் குற்றமன்று. சுற்றின் வரைபடம் அவருக்குத் தரப்படவில்லை. விற்றவர் பொருளைத் தந்தார். பொருளைப் பற்றிய அறிவைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். கொட்டாஞ்சேனையிற் சில ஆயிரம் ரூபாவோடு முடியும் இச்சார்புநிலை, போர் விமானத்தில் ஓர் அரசின் கழுத்துக் கயிறாகிறது.

இதற்குக் கிபிரின் வரலாறே முதற் சாட்சியாகும். இஸ்ரேல் பணம் கொடுத்து வாங்கிய 50 மிராஜ்–5 விமானங்களைப் பிரான்சு 1967 இல் தடுத்துவைத்தது. அடிபட்ட இஸ்ரேல் அவ்விமானத்தைத் தானே செய்ய முனைந்தது. மிராஜ் இயந்திரத்தின் வரைபடங்களை அதற்குக் கையளித்தமைக்காகச் சுவிற்சலாந்துப் பொறியியலாளர் ஒருவர் 1971 இல் தண்டிக்கப்பட்டமை அந்நாட்டின் வேட்கைக்குச் சான்று. அம்முயற்சியின் விளைவாக 1975 இல் உலகுக்குக் காட்டப்பட்டதே கிபிர். ஆனால் அதன் இயந்திரம் அமெரிக்காவினது. 1977 இல் 24 கிபிர்களை எக்குவடோருக்கு விற்க இஸ்ரேல் முயன்றபோது, அந்த இயந்திரத்தைக் காட்டி அமெரிக்க அரசு விற்பனையைத் தடுத்தது. விமானம் முழுவதும் உம்முடையதாயினும் அதன் ஓர் உறுப்பு பிறருடையதாயின் நீர் அதற்கு முழு உரிமையாளர் அல்லர். இப்பாடத்தைப் படித்தே கிபிரை ஆக்கியவர்கள், அதே பாடத்தை இப்பொழுது நமக்கு விலைக்கு விற்கிறார்கள்.

பிறநாட்டு அனுபவங்களும் இவ்வாறே உள்ளன. பாகிஸ்தானுக்கென ஒப்பந்தம் செய்யப்பட்ட 28 எப்–16 விமானங்கள், 1990 இல் பிரெஸ்லர் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், ஐக்கிய அமெரிக்காவிலேயே முடக்கப்பட்டன. நம்மைப் போலவே கிபிர்களை வைத்திருந்த கொலம்பியாவின் சனாதிபதி 2023 ஒற்றோபரில் காசாப் போர் பற்றிக் கூறிய கருத்துகளுக்குப் பதிலாக, அந்நாட்டுக்கான பாதுகாப்புத்துறை ஏற்றுமதிகளை நிறுத்துவதாக இஸ்ரேல் அறிவித்தது. ஒரு நாட்டின் தலைவர் பேசும் பேச்சுக்கும் அந்நாட்டு விமானத்தின் உதிரிப்பாகத்துக்கும் இடையில் இத்தகைய தொடர்பு உண்டெனில், அந்நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை எங்கே வகுக்கப்படுகிறது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். அலகுகளாகப் பிரிக்கப்பட்ட கருவி அடிமைத்தனத்தை மட்டுமே தரும் என்று கூறின் அதுவும் பிழையாகும். இந்தியா சுகோய்–30 விமானத்தை உருசியாவிடமிருந்து பெற்றபோது, அதன் கணினிகளைத் தானே செய்துகொள்ளத் தீர்மானித்தது. அத்திட்டத்துக்கு முருகனின் வேலை நினைவூட்டி "வெற்றிவேல்" எனப் பெயரிட்டனர். உருசிய றேடாரோடு இந்திய ஆய்வுகூடத்தில் வடிவமைக்கப்பட்ட கணினிகள் இணைக்கப்பட்டன. இது எவ்வாறு இயன்றது? றேடார் ஒரே கட்டியாக இராமல் அலகுகளாக இருந்தமையாலேயே ஓர் அலகின் இடத்தில் தம்முடையதை வைக்க அவர்களால் முடிந்தது. ஆனால் அதற்கு இரு அலகுகள் ஒன்றோடொன்று எந்த மொழியிற் பேசுகின்றன என்பது தெரிந்திருக்கவேண்டும். அம்மூட்டு வாயின் அறிவைக் கேட்டுப் பெற்றவர் தமது பெட்டியை உள்ளே வைக்கிறார். பெறாதவர் பழுதான பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்.

இந்தியாவின் பாதை இலகுவானதாக இருக்கவில்லை. 1998 அணுகுண்டுச் சோதனைகளின்பின் அமெரிக்கத் தடை வந்தது. தேஜஸ் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டுக்கென அமெரிக்க நிறுவனத்தோடு நடந்த கூட்டுவேலை நின்றது. இந்தியப் பொறியியலாளர் அதனைத் தாமே முடிக்க, 2001 சனவரி 4 ஆந் திகதி அவ்விமானம் முதன்முறை பறந்தது. அதன் றேடாருக்கு இஸ்ரேலின் உதவியையே நாடவேண்டியிருந்தது. "உத்தம்" என்னும் சொந்த றேடார் பின்னரே உருவாகியது. அதன் இயந்திரம் அமெரிக்காவினது. அது பிந்தியதால் 2021 இல் ஒப்பந்தமான புதிய தேஜஸ் விமானங்களும் பிந்தின. முழுமையான தற்சார்பு பெரிய நாட்டுக்கும் வாய்க்கவில்லை. ஆயினும் எந்தப் பெட்டியைத் திறக்க முடியும், எதைத் திறக்க முடியாது என்பதை அறிந்து, முடியாதவற்றின் தொகையைக் குறைத்துவரும் நாடு அது.

நாம் எங்கே நிற்கிறோம்? 2007 மார்ச் 26 அதிகாலையில் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின்மீது குண்டு வீசின. கிபிர்களின் தளமும் அதுவே. ஆயினும் ஆரம்பகாலக் கிபிரின் மூக்கிலிருந்த சிறு றேடார் இலக்கின் தூரத்தை அளப்பதற்கு உரியது. இரவில் தாழப் பறக்கும் சிறு விமானத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உரியதன்று. தரையில் நின்ற மக்கள்மீது குண்டு வீசப் போதுமாயிருந்த விமானம், தன் தளத்தைக் காக்கப் போதவில்லை. அதன்பின் கொழும்பில் விளக்குகள் அணைக்கப்பட்ட இரவுகள் வந்தன; எல்லா மொழியினரும் இருளில் அஞ்சியிருந்தனர். அரசு சீனாவிடம் றேடார் பொருந்திய எப்–7 விமானங்களை வாங்கியது; அவை 2008 இல் வந்துசேர்ந்தன. இன்னொரு விற்பனையாளரும் அவருடைய பூட்டிய பெட்டிகளும் வந்தமையன்றி வேறொன்றும் மாறவில்லை. அதே 2007 யூன் 7 ஆந் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் தங்குவிடுதிகளில் இருந்த 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் இங்கு நினைவுகூரவேண்டும். வானத்தைக் காணும் அறிவை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த ஓர் அரசு, நிலத்தில் தன் குடிமக்களையே ஐயத்தோடு நோக்கியது.

இரு எதிர்வாதங்களுக்கு விடை கூறவேண்டும். "இலங்கை சிறிய நாடு, றேடார் செய்யும் ஆற்றல் நமக்கேது?" என்பது ஒன்று. செய்யுமாறு எவரும் கேட்கவில்லை. புதுப்பிக்கும் பணியின் ஒரு பகுதி இலங்கையிலேயே நமது விமானப்படையினரின் பங்களிப்போடு நடைபெறும் என விற்ற நிறுவனமே கூறியது. நல்லது. அப்பங்களிப்பு திருகாணி கழற்றுவதோடு நிற்குமா, பெட்டியைத் திறப்பதுவரை செல்லுமா? கணினியிலுள்ள கட்டளைகளை மாற்ற நமக்கு உரிமை உண்டா? உதிரி அலகுகள் எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையின்கீழ் வழங்கப்படும்? இவற்றுக்கான விடை பாராளுமன்றத்தின் முன்னும் மக்களின் முன்னும் வைக்கப்படவேண்டும். எதிரிக்குத் தெரியக்கூடாத இரகசியம் இதில் எதுவுமில்லை. கடன்பட்டு வரி செலுத்துபவன் அறியவேண்டிய கணக்கே உண்டு.

இரண்டாவது வாதம் நமக்கு நெருங்கியோரிடமிருந்து வருவது. "கிபிரால் அழிந்தவர் நாம், அது பறந்தாலென்ன, பழுதாய்க் கிடந்தாலென்ன?" என்பர். இவ்வேதனையை மதிக்கிறேன், முடிவை ஏற்கமாட்டேன். வாங்காதே என்று சொல்வதற்கும் வாங்கப்படுவது யாதென அறிந்திருக்கவேண்டும். நாம் முகந்திருப்பிக்கொண்டதனால் எந்த ஒப்பந்தமும் நின்றுவிடவில்லை, கேட்பாரின்றிக் கைச்சாத்தாயிற்று. மேலும், இதே பூட்டிய பெட்டி வைத்தியசாலையின் கதிர்ப்படக் கருவியிலும் மின்நிலையத்தின் கட்டுப்பாட்டறையிலும் அமர்ந்திருக்கிறது. போர் விமானத்தில் நாம் எழுப்பத் தவறும் வினாவை அங்கும் எழுப்பத் தவறுவோம்.

திறக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் கிட்டுவதன்று. திறக்கத் தெரிந்த கைகளும் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. கிபிரின் ஓசையைத் தலைக்குமேற் கேட்ட மண் அது. அங்கே இலத்திரனியல் கற்கும் மாணவனுக்கு றேடார் பாடப்பொருளாகிறது. அவனுடைய தாய்க்கு அது இன்னும் பதுங்குகுழியின் நினைவு. இவ்விருவருக்கும் இடையே பேச்சு நிகழவேண்டுமாயின் இப்பொருளைப் பற்றித் தெளிந்த தமிழில் எழுதுவோர் வேண்டும். அது கலைப்பீடத்தின் வேலை. ஒப்பந்தத்தை வாசிப்பதும், அதன் விலையைக் கணக்கிடுவதும், அதன் வரலாற்றை மக்களுக்குச் சொல்வதும் நமது பாடங்களுக்குப் புறம்பானவை அல்ல. பொருளியல், அரசறிவியல், வரலாறு என நாம் பயில்பவை வேறு எதற்கு?

அடுத்த கொள்வனவு வரத்தான் போகிறது. கிபிர்களின் காலம் முடிந்ததும் வேறொரு பெயருடைய விமானம் விலைபேசப்படும். அப்பொழுது விமானத்தின் வேகத்தையும் றேடாரின் தூரத்தையும் செய்தித்தாள்கள் எழுதும். அதன் பெட்டிகளைத் திறக்க நமக்கு உரிமை உண்டா என்று முதல்நாளிலேயே கேட்கும் ஒரு தலைமுறை அன்று இந்நாட்டில் இருக்கவேண்டும்.