பெட்டியில் இருக்கும் சீருடை



தியாகதுருகம் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வாழும் பெரியவர் ஒருவர், தரைப்படையில் சிப்பாயாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சுதந்திர தினத்தன்று கொடியேற்ற அவரை எங்கள் மதரஸாவுக்கு அழைத்தோம். "பெட்டியில் பழைய சீருடை இருக்கிறது. அணிந்து வரலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

நியாயமான ஆசைதான். ஆயினும் சீருடை என்பது அரசு ஒப்படைத்த அமானிதம். பணி முடிந்தால் அதன் அதிகாரமும் முடிகிறது. படைவீரரல்லாதவர், தம்மைப் படைவீரரெனப் பிறர் நம்ப வேண்டி அதனை அணிவது சட்டப்படி குற்றமாகும். பெரியவரின் எண்ணம் அதுவன்று. எனினும் காண்போர்க்கு வேறுபாடு தெரியாதல்லவா?

ஓய்வுபெற்ற அதிகாரிகள், விதி இடந்தரும் சில விழாக்களில் சீருடை அணிவதுண்டு. ஃபீல்டு மார்ஷல் பதவிக்கோ ஓய்வே இல்லை. 1973இல் அப்பதவி பெற்று, குன்னூரில் வாழ்ந்த சாம் மானெக்‌ஷா, 2008இல் மறையும்வரை சீருடைக்கு உரியவராகவே இருந்தார்.

மற்றையோர் சாதாரண உடையில், இடப்பக்க மார்பில் பதக்கம் அணிவதே வழக்கம். சீருடை அரசு தந்தது. பதக்கம் அவரே ஈட்டியது. 1965 போரில் உயிர்நீத்த ஹவில்தார் அப்துல் ஹமீதுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. அவருடைய பரம்வீர் சக்கரத்தை மனைவி ரசூலன் பீவிதான் பெற்றுக்கொண்டார்.

இவற்றை எடுத்துரைத்தேன். பெரியவர் வெள்ளைச் சட்டையில் பதக்கங்களுடன் வந்தார். அவை எதற்கானவை என்பதை அவருடைய பேரப்பிள்ளைகள் அன்றுதான் அறிந்தனர்! இத்தனை ஆண்டுகளாக வீட்டில் எவரும் கேட்டதில்லையாம்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருக்கலாம். பெரியவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.