கோப்பை வாங்கிய கார் குரும்பூரில் படுத்தது

போன மாதம் ஒரு சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். கோமான் தெரு நண்பர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காக்கா, ஒங்க மருமவன் காரு மெட்ராஸ்ல கப்பு வாங்கிச்சாமே?"

"வாங்கிச்சு."

"அப்போ ஏன் அதை லாரியில ஏத்திக்கிட்டு வந்தாங்க?"

அவருக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். தூத்துக்குடியில் லாரி ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் கை கறுத்தவன் நான். பழைய கார் என்ற பெயரில் இப்போது நடக்கிற கூத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை.

கார் என் தங்கை மகனுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, 1969 மாடல். நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த கார் அது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. 1961ல் இங்கே வந்தது, 1971 வரை ஓடியது. வெள்ளைக்காரன் அதை இரண்டு கதவோடு நிறுத்திக்கொண்டான். நாலு கதவு வைத்தது நம் மெட்ராஸ்காரர்கள்தான். 948 சி.சி. இன்ஜின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும், முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் ஊர்த் தெருக்களுக்கென்றே செய்த மாதிரி.

மருமகன் சென்னையில் இருக்கிறான். அந்தக் காருக்கு நாலரை லட்சம் செலவழித்தான். டிங்கரிங், பட்டி, இரண்டு கோட் பெயிண்ட், புதுக் குரோம், சீட்டுக்குச் சிவப்புத் தோல். ஒரு கண்காட்சியில் நிறுத்தினான். நடுவர்கள் வந்து கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்கள், கோப்பை கொடுத்தார்கள். அந்த மயக்கத்தில், பழைய கார்க்காரர்கள் சிலர் சேர்ந்து சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். 700 கிலோமீட்டர். அதற்கு முன்னால் மாமாவிடம் ஒரு தடவை காட்டிவிடலாமே என்று ஊருக்குக் கொண்டுவந்தான். பெயிண்டில் கல் தெறிக்குமாம், அதனால் திருநெல்வேலி வரைக்கும் லாரியில்.

கல் தெறிக்கும் என்று பயப்படுகிற காரை 700 கிலோமீட்டர் ஓட்டப் போகிறானாம்! அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திருநெல்வேலியில் இறக்கினோம். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். புது டயர், புது பெயிண்ட். ஏறி உட்கார்ந்துவிட்டேன். 34 வருஷம் வேலை பார்த்தவன், ஒரு ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கவில்லை. என் தப்புதான், மறைக்கவில்லை. பின் சீட்டில் அவன் பிள்ளைகள் இரண்டு பேர். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், கருங்குளம் என்று நன்றாகத்தான் வந்தது. கருங்குளம் தாண்டியதும் 70ல் விட்டான். ஆழ்வார்திருநகரி தாண்டிக் குரும்பூர் பஜாரில், எதிரே வாழைத்தார் ஏற்றிய மினி லாரிக்கு ஒதுங்கிக் கொடுக்க இடது பக்கம் ஒடித்தான். அப்போது 20ல்தான் போயிருக்கும். மடக் என்று ஒரு சத்தம். இடது முன் சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிக்கொண்டது, கார் மூக்கைத் தரையில் வைத்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் அது நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டு, கீழே ட்ரனியன் என்ற பித்தளைக் கட்டிக்குள் மரையாக இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கம்பெனிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. ஆயில்தான் மரையின் அடி வரைக்கும் இறங்கும். கிரீஸ் மேலேயே கட்டிக்கொண்டு உலர்ந்து போகும், அடியில் தண்ணீர் நிற்கும், தண்டு உள்ளேயே துருப்பிடித்து மெலியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஒடியும். மருமகனின் காரில் நான் கழற்றிப் பார்த்தபோது கட்டிக்குள் காய்ந்த கிரீஸ், புளியங்கொட்டை மாதிரி. அந்தக் கட்டிக்கும் வெளியே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் நடுவர்கள் மார்க் போட்டிருப்பார்கள்.

லிட்டர் சில நூறு ரூபாய் விலையுள்ள ஆயில். ஊற்ற வேண்டியது நாலு ஸ்பூன். நாலரை லட்சத்தில் இது இல்லை.

அந்தச் சென்னைக் கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பவர்கள் கேட்பதைத்தான் அவர் செய்கிறார். பழைய காரைக் காப்பாற்றுவது என்றால் அதைத் துடைத்து நிறுத்துவது என்று ஒரு கூட்டமே முடிவு கட்டிவிட்டது. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964ல் பழைய கார் ஊர்வலத்தைத் தொடங்கிய நாளிலிருந்து நம் நாட்டில் இந்த ஆசை வளர்ந்திருக்கிறது. நல்லதுதான், இல்லாவிட்டால் பாதிக் கார்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஆனால் ஆசை எங்கே வந்து நின்றிருக்கிறது? தலைப்பாகை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பதில்.

தூரப் பந்தயத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்தப் பளபளப்புக்கு அங்கே இடமே இல்லை. 1907ல் பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை ஐந்து கார்கள் கிளம்பின. வழியில் பெட்ரோல் பங்க் ஏது? ஒட்டகத்தில் முன்கூட்டியே பெட்ரோலை அனுப்பி வைத்தார்கள். இரண்டே மாதத்தில் இத்தாலியப் பிரபு போர்கேஸே தன் இட்டாலா காரில் போய்ச் சேர்ந்துவிட்டார். 1968ல் லண்டனிலிருந்து சிட்னி. அது எனக்கு நினைவிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கார்கள் டெல்லி வழியாகப் பம்பாய் வந்து, சூசான் கப்பலில் ஏறி ஆஸ்திரேலியா போயின. வேகமான கார்கள் பல இருந்தன. ஜெயித்தது ஆண்ட்ரூ கோவன் ஓட்டிய ஹில்மன் ஹன்டர், ஆபீஸ் குமாஸ்தா ஓட்டுகிற மாதிரிக் கார். முன்னால் போன சித்ரோவன் சிட்னிக்குப் பக்கத்தில் எதிரே வந்த காரில் மோதி நின்றது. அதில் ஹன்டருக்கு அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் அதிர்ஷ்டம் வரும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டுமல்லவா? 1997ல் மறுபடி பீக்கிங்–பாரிஸ் நடத்தினார்கள், திபெத்தில் ஏறி நேபாளம் வழியாக இந்தியாவுக்குள் இறங்கினார்கள். முதலில் வந்தது 1942 மாடல் வில்லிஸ் ஜீப். பட்டாளத்து ஜீப்பில் குரோம் எங்கே இருக்கிறது?

நாமும் பார்த்திருக்கிறோமே. நம் ஏரியா டாக்சி அம்பாசிடர்கள் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடின? வாரத்துக்கு ஒரு நாள் டிரைவரே குழியில் இறங்கி, கிரீஸ் கன்னை வைத்து ஒவ்வொரு நிப்பிளாக அடிப்பார். பழசு வழிந்து புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிப்பார். அந்த வண்டிகளுக்கு யாரும் கோப்பை கொடுக்கவில்லை.

"ஓட்டினால் தேயுமே மாமா" என்றான் மருமகன். தேயும். தேய்ந்ததை மாற்றலாம். நிறுத்தி வைத்தால் அழுகும், அதுவும் நம் உப்புக் காற்றில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், வீல் சிலிண்டர் உள்ளே புண்ணாகிப் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும். சேஸிஸின் பக்கக் கைகள் உள்ளிருந்து அரித்துப் போகும், மேலே பட்டி வைத்து மூடியிருப்பதால் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அது பழைய ரப்பரை ஊறவைத்து இளக்குகிறது, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் முதலில் போகும். எத்தனாலும் ஈரத்தை இழுக்கிற சரக்குதான். மூன்று மாதம் டாங்கில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு டாங்க் எரித்துவிட்டால் அந்தப் பிரச்சினை பாதிக்கு மேல் இல்லை.

சட்டமும் துடைத்து நிறுத்துகிறவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டதுதான் எனக்கு ஆற்றாமை. 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் மாறாத வண்டியைப் பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்யலாம். நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை வழக்கமான உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவ்வளவுதான்.

வாடகைக்கு ஓட்டாதே என்றால் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். மகளைப் பார்க்க ஏரலுக்கு ஓட்டிப் போகாதே என்றால் என்ன அர்த்தம்? வருஷத்தில் 360 நாள் கொட்டகையில் நிற்கிற கார், 361ஆம் நாள் பந்தயத்துக்கு வருகிறது. அந்தக் காருக்குப் பின்னால்தான் உங்கள் பஸ்ஸும் வருகிறது. பழுது பார்க்க அனுமதி உண்டே என்பீர்கள். 200 கிலோமீட்டர் ஓட்டுவதே பராமரிப்புதான் என்று வழியில் நிறுத்துகிறவரிடம் விளக்கிச் சொல்லிப் பாருங்கள்! மருமகனுக்கு அந்த எழுத்து மேல் ஆசை. வேண்டாம் என்றேன். பழைய நம்பரிலேயே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள், அதற்கும் 2025 முதல் 10,000 ஆக்கிவிட்டார்கள், கட்டித் தொலை என்றேன்.

கார் இரண்டரை மாதம் என் வீட்டு முன்வாசலில் நின்றது. தண்டும் ட்ரனியனும் இரண்டு பக்கத்துக்கும் இங்கிலாந்திலிருந்து வந்தன, இன்னும் அங்கே செய்கிறார்கள். மற்ற சில்லறையெல்லாம் சென்னை புதுப்பேட்டையில் அகப்பட்டது. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே குத்தி எடுத்தோம், ஒரு தேக்கரண்டி மண் வந்தது. பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றினோம். கார்ப்புரேட்டர் ஜெட்டை ஒரு அளவு கூட்டினேன். பிரேக் சிலிண்டர் நாலும் புதுசு. டயர் புதுசு என்று நான் ஏமாந்தேன் அல்லவா? பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணைப் பார்த்தேன், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 11 வருஷத்துக்கு முந்தியது. பட்டன் தேயவே இல்லை, ரப்பர் கட்டை மாதிரி. தூக்கிப் போட்டோம்.

பிறகு ஓட்டம். முதலில் ஆத்தூர் போய்த் திரும்பினோம். இறங்கியதும் ஒவ்வொரு நட்டாக ஸ்பேனர் வைத்துப் பார்த்தோம், ஏழு நட்டு இளகியிருந்தது. அடுத்து தூத்துக்குடி. அடுத்து மத்தியான வெயிலில் கோவில்பட்டி வரை, நாலு ஆள், முழு லக்கேஜோடு. பயணத்தில் எவ்வளவு பாரம் ஏறுமோ அவ்வளவையும் ஏற்றி ஓட்டாத சோதனை சோதனையே இல்லை. கயத்தாறு பக்கம் ஹீட் ஏறியது, ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. ரோட்டோரத்தில் அவனையே இறுக்க வைத்தேன். கை கறுத்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

டிக்கியில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம்: பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், காயில், ஃபேன் பெல்ட், ஹோஸ், டியூப், கட்டுக்கம்பி, ஒரு புட்டி 90 நம்பர் ஆயில். கோப்பையை எங்கே வைப்பது என்று அவன் பெண்டாட்டி கேட்டாள். டிக்கியில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காரை முதலில் 200 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததற்கு மட்டும் மார்க் போடுங்கள், தூசியோடு. தூரப் பயணம் நடத்துகிறவர்கள், கிளம்புகிற அன்று ஹாரனையும் விளக்கையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவதை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிற மெக்கானிக் ஒருவரை வையுங்கள். அவருக்கு நல்ல சம்பளம் கொடுங்கள். பெயிண்டருக்குக் கொடுப்பதில் பாதியாவது.

பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. டயனமோவில் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை, ராத்திரி விளக்குப் போட்டால் சார்ஜ் இறங்குகிறது. யார் வீட்டுக் கொட்டகையிலாவது ஹெரால்டு டயனமோ கிடந்தால், உடைசலானாலும் பரவாயில்லை, சொல்லி அனுப்புங்கள். பிரஷ் பிடிக்கிற கிளிப் ஒன்று போதும்.